கருவில் சமிக்ஞை போகும் வழி: சர்க்கரைச் சங்கிலியோடு ஒரு படம் வரைவோம்

கருவில் ஒரு செல் விடும் சேதி அடுத்த செல்லுக்கு எப்படிப் போகிறது? பல பாடப் படங்களில் சேதியைக் கொண்டுபோகும் சமிக்ஞைப் புரதமும், அதை வாங்கும் ஏற்பியும் மட்டும்தான் இருக்கும். செல்லின் மேல் அடர்ந்திருக்கும் சர்க்கரையை விட்டுவிடுவார்கள். பாதிக் கதையே அதில்தான் இருக்கிறது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நாலைந்து செல்களை வரிசையாக வரையுங்கள். இடது ஓரச் செல் விண்ட் என்ற சமிக்ஞையைச் சுரக்கட்டும். பழ ஈயில் அதன் பெயர் விங்லெஸ். மற்ற செல்களுக்கு ஏற்பிகளைப் போடுங்கள்.

படி 2: எல்லாச் செல்களின் மேலும் சர்க்கரைச் சங்கிலியைத் தாங்கும் கிளிப்பிகன் என்ற புரதத்தை வரையுங்கள். இது சவ்வைத் துளைத்து உள்ளே போகாது; ஒரு கொழுப்புப் பிடிப்பால் வெளிப்பக்கம் நிற்கும். மனிதரிடம் ஆறு வகை, பழ ஈயில் டாலி, டாலி-லைக் என்று இரண்டு.

படி 3: இதை அவசரப்படாமல் செய்யுங்கள். கிளிப்பிகனில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்திலிருந்து சங்கிலி தொடங்கும்: ஒரு சைலோஸ், இரண்டு கேலக்டோஸ், ஒரு குளுகுரோனிக் அமிலம். அப்புறம் இரண்டு வகைச் சர்க்கரை மாறி மாறி நீண்டுகொண்டே போகும். இதுதான் ஹெபரான் சல்பேட். சங்கிலி நெடுக சல்பேட்டுக்குப் புள்ளி வைத்து, பக்கத்தில் கழித்தல் குறி (எதிர் மின்னூட்டம்) போடுங்கள். ஓரிடத்தில் நெருக்கமாக, ஓரிடத்தில் வெறுமையாக இருக்கட்டும், நிஜத்திலும் அப்படித்தான்.

படி 4: விண்டின் மேல் கூட்டல் குறி (நேர் மின்னூட்டம்). இப்போது அது சங்கிலியில் ஒட்டும், விடும். சங்கிலி இல்லாத செல்களைத் தாண்டி அது சரியாகப் பரவுவதில்லை.

படி 5: சல்பேட் புள்ளிகளை அழித்துப் பாருங்கள். இயற்கையில் இதற்குச் சமமான பழுது, சங்கிலியில் சல்பேட் ஏறத் தேவையான பழ ஈயின் 'சல்ஃபேட்லெஸ்' மரபணுவில் உண்டு. பழ ஈப் புழுவின் அடிவயிற்றில், உடலின் கண்டத்துக்குக் கண்டம் ஒரு முள்பட்டை, ஒரு வழவழப்பான பட்டை என்று இருக்க வேண்டும். தாயிடமிருந்தும் இந்த மரபணு கிடைக்காத கருவில் வழவழப்பு மறைந்து எங்கும் முள்ளாகிவிடும். விங்லெஸ் மரபணுவே இல்லாத கருவும் இப்படித்தான் தெரியும். இங்கே விங்லெஸ் மரபணு நன்றாகவே இருக்கிறது. சர்க்கரையில் சல்பேட் ஏறவில்லை, அவ்வளவுதான். எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தோன்றவில்லை.

படி 6: சரி, கிளிப்பிகன் போனால் சமிக்ஞை எப்போதும் குறையுமா? இல்லை. மனிதரின் கிளிப்பிகன்-3, ஹெட்ஜ்ஹாக் என்ற இன்னொரு சமிக்ஞையை அதன் ஏற்பிக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். கிளிப்பிகன்-3 பழுதானால் அந்தத் தடை போய்விடும்; அப்படி வரும் சிம்ப்சன்-கோலாபி-பெஹ்மெல் நோயில் குழந்தை கருவிலேயே அளவுக்கு மீறி வளர்கிறது. அதனால் கிளிப்பிகனிலிருந்து அம்புக்குறி போடும் முன், எந்தச் சமிக்ஞை, எந்தக் கிளிப்பிகன் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.