பிராக்: ராஜபாட்டையைத் தலைகீழாக நடக்கும் வழி

செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரில் ராஜபாட்டை என்று ஒரு பாதை உண்டு. பொஹீமிய, அதாவது பழைய செக் நாட்டு, மன்னர்கள் முடிசூட்டிக்கொள்ளப் போன வழி அது. வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி செலெத்னா தெரு, பழைய நகரச் சதுக்கம், கார்லோவா தெரு, சார்லஸ் பாலம் என்று போய், கடைசியில் நெருதோவா தெருவில் மேடேறிக் கோட்டையைச் சேரும். இன்றைய சுற்றுலாக் கூட்டமும் இதே திசையில், இதே வரிசையில்தான் நகர்கிறது. பத்து மணிக்குச் சதுக்கம், பதினொன்றுக்குப் பாலம், உச்சி வெயிலில் மேடு, மேலே போனால் வரிசை. மன்னருக்காவது குதிரை இருந்தது. நடந்து பார்ப்பவர்கள் மேட்டை டிராமில் ஏறிவிட்டு, இறக்கத்தை நடந்து பார்ப்பதே நல்லது. நிதானமாகப் பார்க்க இரண்டு நாள் போதும்.

எந்தக் கிழமையில் எது

முதலில் காலண்டரைப் பாருங்கள். யூதர் வட்டாரமான யோசெஃபோவின் தொழுகைக்கூடங்களும் கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடக்கும். பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். ஆக, சனி, ஞாயிறு மட்டும் கையில் இருப்பவர்கள் சனிக்கிழமை கோட்டை, ஞாயிற்றுக்கிழமை யோசெஃபோவ் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டு நாளும் பாதி வீண்.

டிராம் சீட்டு

மெட்ரோ, டிராம், பேருந்து மூன்றுக்கும் ஒரே சீட்டு. 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி, 72 மணி என்று நேரக் கணக்கில் விற்கிறார்கள். மெட்ரோ வாசலில் தடுப்புக் கதவு கிடையாது. காகிதச் சீட்டை மஞ்சள் பெட்டியில் செருகி நேர முத்திரை வாங்கினால்தான் அது செல்லும். முத்திரை இல்லாத சீட்டும் சீட்டில்லாப் பயணமும் பரிசோதகருக்கு ஒன்றுதான். அவர்கள் சாதாரண உடையில் வருவார்கள்; தெரியாமல் செய்துவிட்டேன் என்பதெல்லாம் எடுபடாது. முத்திரை ஒரே முறைதான். மறுபடி அடித்தால் சீட்டு கெட்டது. டிராமுக்குள் இருக்கும் கருவியில் வங்கி அட்டையைக் காட்டி வாங்கும் சீட்டுக்கு முத்திரை தேவையில்லை. செயலியில் வாங்குகிறவர்கள் ஏறுவதற்குச் சில நிமிடம் முன்பே அதைச் செயல்படுத்திவிட வேண்டும். பரிசோதகரைக் கண்டபின் அழுத்தினால் பயனில்லை, அதற்காகவே சற்றுத் தாமதம் வைத்திருக்கிறார்கள்.

முதல் நாள்: விடியலில் பாலம்

சூரியன் எழும் நேரத்துக்குப் பாலத்தின் பழைய நகரப் பக்கக் கோபுரத்தடியில் இருங்கள். ஜூனில் அது ஐந்து மணி வாக்கில், கொஞ்சம் கொடுமைதான். டிசம்பரில் எட்டு மணி வாக்கில்தான் விடிகிறது, சிரமமே இல்லை. மன்னர் நான்காம் சார்லஸ் 1357-இல் அடிக்கல் நாட்டிய பாலம் இது. ஏறக்குறைய 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள், கைப்பிடிச் சுவர்களின் மேல் 30 சிலைத் தொகுதிகள். பல சிலைகள் நகல்கள். மணற்கல் புகையிலும் மழையிலும் அரித்துப்போவதால் மூலச் சிலைகளை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். 1890 வெள்ளத்தில் மூன்று வளைவுகளே அடித்துச் செல்லப்பட்டன.

கோட்டையை நோக்கி நடக்கும்போது வலப்பக்கம் எட்டாவதாக நிற்பது நெபோமுக் யோவான் என்ற புனிதர். 1683-இல் வைத்த வெண்கலச் சிலை, பாலத்திலேயே பழையது. 1393-இல் மன்னரின் ஆணைப்படி இவரை வல்தாவா ஆற்றில் தள்ளினார்கள். பீடத்தில் இருக்கும் வெண்கலப் பலகைகளில் ஓரிடம் மட்டும் தங்கம்போல் மின்னும். தொட்டால் நல்லது நடக்கும் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் தேய்த்ததால் வந்த பளபளப்பு அது. பத்து மணிக்கு மேல் இதைத் தொட வரிசை நிற்கும். பிக்பாக்கெட்காரர்களுக்கும் அதுதான் முகூர்த்த நேரம்.

பாலத்தைத் தாண்டியதும் மாலா ஸ்த்ரானா. நேரே நடந்து மாலோஸ்த்ரான்ஸ்கே சதுக்கத்தில் 22-ஆம் எண் டிராம் பிடியுங்கள். பலகையில் 'பீலா ஹோரா' என்று போட்டிருக்கும் திசை. 'பிராஜ்ஸ்கீ ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்கினால் வடக்கு வாசல், அதாவது வெடிமருந்துப் பாலம், சில நிமிட நடையில். மேற்கே ஹ்ரத்சானி சதுக்கத்து முன்வாசலைவிட இங்கே கூட்டம் பெரும்பாலும் குறைவு. 22-இல் ஏறும்போது பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கோட்டை

வளாகம் காலை 6 மணிக்கே திறந்துவிடும், உள்ளே நடக்கக் காசில்லை. கட்டடங்களுக்குள் நுழையத்தான் சீட்டு. அவை 9 மணிக்குத் திறக்கும். ஒரு சீட்டு இரண்டு நாள் செல்லும், ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முறைதான். 9 மணிக்கு நேராகப் பேராலயத்துக்குப் போங்கள். மற்ற இடங்களில் பத்து மணிக்கு நுழைந்தாலும் சமாளிக்கலாம், இங்கே முடியாது.

பேராலயத்தின் முகப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1344-இல் தொடங்கிய வேலை சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸைப் பின்பற்றியவர்களின் கலகக் காலத்தில் நின்று, நூற்றாண்டுகள் கழித்து 1929-இல்தான் முடிந்தது. வாசலுக்கு மேலே நிற்கும் இரட்டைக் கோபுரங்கள்தான் கட்டடத்தின் புதிய பகுதி. கிழக்குக் கோடிதான் பழையது. உள்ளே நடப்பது காலத்தில் பின்னோக்கி நடப்பது. இடப்பக்கம் மூன்றாவது சிற்றாலயத்தில் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த சாளரம். மற்றவை வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் கோத்தவை. இது கண்ணாடிமேலேயே தீட்டிய ஓவியம். நிறம் இழைந்து ஓடுவதைக் கிட்டே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். செலவை ஏற்ற வங்கியின் பெயரும் அடியில் இருக்கிறது; நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் எழுதும் உபயதாரர் பெயர் ஞாபகம் வரும். பாலத்தில் பார்த்த நெபோமுக் யோவானின் வெள்ளிக் கல்லறை உள்ளே தெற்குப் பக்கம்.

அடுத்தது பழைய அரண்மனை. விளாடிஸ்லாவ் மண்டபத்துக்குக் குதிரையோடு வீரர்கள் ஏறி வந்த படிகள் அகலமாக, தாழ்வாக இருக்கும். மண்டபத்தையொட்டிய அலுவலறையின் சாளரம் வழியாகத்தான் 1618-இல் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் ஒரு செயலரையும் வெளியே தூக்கிப் போட்டார்கள். மூவரும் பிழைத்தார்கள், முப்பதாண்டுப் போர் மூண்டது. பலர் மண்டபத்தோடு திரும்பிவிடுகிறார்கள். பக்கவாட்டுக் கதவைத் தவறவிடாதீர்கள்.

புனித ஜார்ஜ் ஆலயத்துக்குப் பத்து நிமிடம் போதும். தங்கச் சந்தில் 22-ஆம் எண் நீல வீட்டில் எழுத்தாளர் காஃப்கா 1916-17 குளிர்காலத்தில் எழுதினார். இருவர் சேர்ந்து நிற்க முடியாத அறைகள். பார்த்துவிட்டு மேற்கு முற்றத்துக்குத் திரும்பினால் 12 மணிக்குக் காவலர் மாற்றம், வாத்தியத்தோடு. மேடு ஏற மனமில்லையென்றால் கிழக்கே பழைய கோட்டைப் படிகளில் இறங்கி மாலோஸ்த்ரான்ஸ்கா மெட்ரோவுக்குப் போய்விடலாம். ஆனால் நெருதோவாவை இழப்பீர்கள்.

நெருதோவாவில் கழுத்தை நிமிர்த்தி

1770-இல் அரசி மரியா தெரேசா காலத்தில் வீட்டு எண் வருமுன் முகவரி என்பது கதவுக்கு மேலிருந்த சின்னம்தான். 12-இல் மூன்று வயலின், 47-இல் இரண்டு சூரியன். இரண்டு சூரியன் வீட்டில் வாழ்ந்த எழுத்தாளர் யான் நெருதாவின் பெயர்தான் தெருவுக்கும்.

ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு எண்பலகை இருப்பதைக் கவனியுங்கள். சிவப்பு, அந்த வட்டாரத்தின் பதிவு எண், வரிசை கிடையாது. நீலம்தான் தெருவில் வரிசையாக வரும் எண். முகவரியில் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது நீல எண். சிவப்பை வைத்துக்கொண்டு விடுதியைத் தேடினால் இறக்கத்தை இரண்டு முறை ஏற வேண்டியிருக்கும். தெருக்கற்களைச் செக்கர்கள் 'பூனைத் தலைகள்' என்பார்கள். மழை நனைத்தால் வழுக்கும். மெல்லிய அடிப்பாகமுள்ள செருப்பில் மாலைக்குள் பாதம் சொல்லிக்காட்டிவிடும்.

இரண்டாம் நாள்: யோசெஃபோவ், சதுக்கம்

ஸ்தாரோமெஸ்த்ஸ்கா மெட்ரோவில் இறங்கி 9 மணிக்குப் பின்காஸ் தொழுகைக்கூடத்தில் தொடங்குங்கள். நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்களின் பெயர்கள், ஏறக்குறைய 78,000, உட்சுவர் முழுக்கக் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. அங்கிருந்தே பழைய கல்லறைத் தோட்டம். இடம் போதாமல் மண்மேல் மண் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்ததால், சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. 1787-க்குப் பின் இங்கே யாரையும் புதைக்கவில்லை. கற்களின்மேல் இருக்கும் கூழாங்கற்கள் அஞ்சலி, எடுக்காதீர்கள். ஆண்கள் தலையை மூட ஒரு தொப்பி வைத்துக்கொள்வது நல்லது. வெளியே வந்ததும் யூத நகரமன்றத்தின் எபிரேயக் கடிகாரம் இடஞ்சுழியாக ஓடுவதைப் பார்க்கலாம். எபிரேயம் வலமிருந்து இடம் எழுதுவது, முள்ளும் அப்படியே.

மெட்ரோவுக்குப் பக்கத்தில் யான் பாலாக் சதுக்கத்தில் இருக்கும் பெரிய கட்டடம் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம். தமிழறிஞர் கமில் சுவலபில் தமிழ் கற்பித்த பல்கலைக்கழகம் இது. பலகையைப் பார்த்துவிட்டாவது போங்கள்.

பழைய நகரச் சதுக்கத்தில் எல்லோரும் மணி அடிக்கும்போது வானியல் கடிகாரத்தின் எதிரே குவிவார்கள். எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், பன்னிரு திருத்தூதர்கள் சாளரத்தில் வந்துபோவார்கள், சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உண்மையான விஷயம் கீழே இருக்கும் முகம், அதற்குக் கூட்டமே இல்லாத வேளை போதும். 1410-இன் கருவி. தங்கக் கைமுள் ரோம எண்களில் இன்றைய நேரத்தைக் காட்டும். ஒரு நாளில் ஒரே சுற்று. வெளியே கறுப்பு வளையத்தில் இருக்கும் 24 எண்கள் பழைய பொஹீமியக் கணக்கு. அதில் நாள் சூரியாஸ்தமனத்தில் முடியும். கைமுள் அங்கே 22-ஐத் தொட்டால் அஸ்தமனத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம். பழைய எழுத்துருவை வாசிக்க முடியாவிட்டால் 24-இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சூரியக் குறி நிற்கும் ராசியையும் பார்க்கலாம், ஆனால் நம் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகாது. இங்கே மார்ச் 21 வாக்கிலேயே மேஷம். நமக்குச் சித்திரை 1 வரை காத்திருக்க வேண்டும்.

நகரமன்றத்தின் கிழக்கே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள், பேரரசரை எதிர்த்ததற்காக 1621 ஜூன் 21-இல் அங்கே கொல்லப்பட்டவர்களுக்கு. எதிரே இரட்டைக் கோபுரத்தோடு தீன் ஆலயம் எங்கிருந்தும் தெரியும், வாசல் மட்டும் தெரியாது. முன்னால் இருக்கும் வீட்டின் வளைவுக்குள் புகுந்துதான் போக வேண்டும். உள்ளே வானியலாளர் டைக்கோ பிராஹேயின் கல்லறை.

பணம், சாப்பாடு

நாணயம் கொருனா. பல கடைகள் யூரோ வாங்கும், மோசமான விலையில். தெருவில் நோட்டு மாற்றித் தருவதாக அணுகுபவரிடம் கையே நீட்டாதீர்கள். செல்லாத வேற்றுநாட்டு நோட்டு வரும். மாற்றுக் கடையில் ஏமாந்தது தெரிந்தால் ரசீதோடு 3 மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் ரத்துசெய்யலாம். 1,000 யூரோ வரையான பரிமாற்றத்துக்கு 2019 முதல் சட்டமே இருக்கிறது. ஏ.டி.எம். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

சதுக்கத்துக் கடைகளில் சுட்ட பன்றித்தொடைக்கு எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு. சொல்லாவிட்டால் அரைக் கிலோவை வெட்டி வைத்துவிட்டுப் பில் நீட்டுவார்கள். சைவர்கள் 'பெஸ் மசா' என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். ஆனாலும் சூப் மாட்டெலும்புச் சாறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். எங்கும் கிடைப்பது 'ஸ்மஜெனி சீர்', ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி. மேல்பூச்சில் முட்டை உண்டு.

மாலைக்கு சி தடத்தில் விஷெஹ்ராட் மெட்ரோ. பத்து நிமிட நடையில் ஆற்றுக்கு மேல் பழைய கோட்டை. வளாகத்துக்குக் கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் ஸ்மெதானாவும் துவோர்ஷாக்கும், 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த நாடகாசிரியர் காரெல் சாப்பெக்கும் இருக்கிறார்கள். தோட்டத்தின் கதவு வளாகத்துக்கு முன்பே மூடிவிடும் என்பதால் முதலில் அங்கே போய்விட்டு, இருட்டும் நேரத்துக்கு மதில்மேல் வாருங்கள். சார்லஸ் பாலத்தின் மூலச் சிலைகள் சில இந்த மதிலுக்குள் இருக்கும் கோர்லிட்சே கூடத்தில்தான் நிற்கின்றன. அதை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், கடைசிச் சுற்று எப்போது என்று செங்கல் வாசலில் கேட்டுக்கொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.