தமிழ் எண்ணில் ஓடும் டைமர்: பைத்தானில் நாமே செய்து பார்க்கலாம்

மொரீஷியஸில் நம் பிள்ளைகள் தமிழ் எண்ணைப் பார்ப்பது பெரும்பாலும் ரூபாய் நோட்டில் மட்டும்தான், அதையும் கடையில் நீட்டும்போது யாரும் படிப்பதில்லை. ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்கு ௭ எது, ௯ எது என்று பலகையில் எழுதிக் காட்டினால் அடுத்த வாரம் மறந்துவிடுகிறது. ஆனால் வாசிப்பு நேரத்தில் கணினித் திரையில் ஒரு டைமர் தமிழ் எண்ணில் இறங்கிக்கொண்டே இருந்தால், எப்போது முடியும் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு விடுகிறார்கள். அந்த டைமரைத்தான் இப்போது செய்யப் போகிறோம்.

பைத்தான் 3 என்ற நிரல்மொழி வேண்டும். விண்டோஸில் அதை நிறுவினாலே ஜன்னல், பொத்தான் எல்லாம் வரையும் டிகின்டர் கூடவே வந்துவிடும், உபுண்டு லினக்ஸில் டிகின்டரைத் தனியாக நிறுவ வேண்டும். பைத்தானின் சொந்தக் கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், இங்கே ஒலிப்படி கொடுத்திருக்கிறேன். நாம் வைக்கும் பெயர்கள் (எண்ணு, மீதி, முடிவு) தமிழிலேயே இருக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

முதலில் டிகின்டர், டைம், மேத் மூன்றையும் இம்போர்ட் செய்யுங்கள். அப்புறம் 'ஜன்னல்' என்று ஒரு டிகே ஜன்னல், அதில் எண்ணைக் காட்ட 'பலகை' என்று ஒரு லேபிள், கீழே 'தொடங்கு' பொத்தான். லேபிளுக்கு நிர்மலா யுஐ எழுத்துரு, அளவு 60 கொடுங்கள், கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும். ஜன்னலின் டாப்மோஸ்ட் பண்பை ட்ரூ என்று வைத்தால் மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் மறையாது.

எண்களை மாற்ற ஒரே வரி போதும்:

தமிழாக்கு = ஸ்டர்.மேக்டிரான்ஸ்("0123456789", "௦௧௨௩௪௫௬௭௮௯")

பழைய முறையில் 25 என்பது ௨௰௫. டைமரில் இடம் மாறாமல் இரண்டிரண்டு இலக்கம் நிற்க வேண்டும் என்பதால் சுழியம் உள்ள இன்றைய இடமதிப்பு முறையில் ௨௫ என்றே எழுதுகிறோம், பிள்ளைகளிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள்.

இனி முக்கியமான இடம். புதிதாக எழுதுகிறவர்கள் நொடிக்கு ஒருமுறை நிற்க வேண்டும் என்று ஸ்லீப் கட்டளையைப் போட்டுவிடுவார்கள், உடனே ஜன்னல் உறைந்துபோய் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது, ஏனென்றால் திரையை வரைவதும் உங்கள் சொடுக்கைக் கேட்பதும் காத்திருப்பதும் ஒரே வரிசையில்தான் நடக்கின்றன. அதற்குப் பதில் ஆஃப்டர். 'இத்தனை மில்லிநொடி கழித்து என்னைக் கூப்பிடு' என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும்.

டெஃப் எண்ணு():
    குளோபல் வேலை
    மீதி = மேத்.சீல்(முடிவு - டைம்.மோனோடானிக்())
    இஃப் மீதி <= 0:
        பலகை.கான்ஃபிக்(டெக்ஸ்ட்="முடிந்தது")
        ரிட்டர்ன்
    நிமி, நொடி = டிவ்மாட்(மீதி, 60)
    நேரம் = ஸ்டர்(நிமி).ஜெட்ஃபில்(2) + ":" + ஸ்டர்(நொடி).ஜெட்ஃபில்(2)
    பலகை.கான்ஃபிக்(டெக்ஸ்ட்=நேரம்.டிரான்ஸ்லேட்(தமிழாக்கு))
    வேலை = ஜன்னல்.ஆஃப்டர்(200, எண்ணு)

ஒவ்வொரு நொடியும் ஒன்றைக் கழிக்காமல், முடியும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து இப்போதைய நேரத்தை (டைம்.மோனோடானிக் தருவது) கழிப்பதைக் கவனியுங்கள். ஆஃப்டர் சொன்ன நேரத்துக்கு முன்னால் வராது, ஆனால் கொஞ்சம் பிந்தி வரலாம், ஒன்றொன்றாகக் கழித்தால் அந்தப் பிந்தல் சேர்ந்து சேர்ந்து டைமர் பின்தங்கிவிடும். கடைசி வரியில் எண்ணு என்பதற்குப் பின் அடைப்புக்குறி போடாதீர்கள்! போட்டால் காத்திருக்காமல் தன்னையே மறுபடி மறுபடி கூப்பிட்டுக் கடைசியில் பிழை காட்டி நின்றுவிடும்.

'தொடங்கு' பொத்தானை அழுத்தினால் ஓடும் செயலில் முடிவையும் வேலையையும் குளோபல் என்று அறிவித்து, முடிவு = டைம்.மோனோடானிக்() + 25 * 60 என்று வைத்து எண்ணு() என்று கூப்பிடுங்கள். அதற்கு முன் பழைய வேலை (ஆஃப்டர் தந்த அடையாளம்) இருந்தால் ஆஃப்டர்_கேன்சல் கொடுத்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் பொத்தானை இரண்டு முறை அழுத்தும்போது இரண்டு எண்ணிக்கை ஒன்றாக ஓடும். கோப்பின் தொடக்கத்தில் வேலை = நன், கடைசியில் ஜன்னல்.மெயின்லூப்(). முதலில் 25 நிமிடத்தை 1 ஆக்கி ஓட்டிப் பாருங்கள், ௦௧:௦௦ என்று தொடங்கி ௦௦:௫௯ என்று இறங்கினால் சரி.

25 என்று நிரலில் எழுதி வைக்காமல், என்ட்ரி பெட்டி ஒன்று சேர்த்து அதில் வருவதை இன்ட் மூலம் எண்ணாக மாற்றலாம். பைத்தானின் இன்ட் தமிழ் எண்ணையும் படிக்கும், அதனால் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ௧௦ என்று தட்டச் சொன்னால் டைமர் பத்து நிமிடத்துக்கு ஓடும்.