ஜிஎம்டி வாட்சில் லண்டன் நேரம்: அந்த அரை மணியை என்ன செய்வது?

இன்னொரு ஊர் நேரத்தைக் காட்ட, 24 மணிக்கு ஒரு சுற்று சுற்றும் நாலாவது முள் (ஜிஎம்டி முள்) வைத்த ஜிஎம்டி வாட்ச் வாங்கிய முதல் வாரமே, லண்டன் குழுவோடு இருந்த மீட்டிங்கில் அரை மணி முன்னதாக நுழைந்து தனியாக உட்கார்ந்திருந்தேன். வாட்சில் கோளாறு இல்லை, நான் வைத்த விதம்தான் தப்பு.

வாட்சின் பக்கவாட்டில் உள்ள குமிழைக் கடைசி வரை இழுத்து இந்திய நேரத்தை வையுங்கள். நள்ளிரவில் தேதி மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு படி உள்ளே தள்ளுங்கள். சீகோவின் என்எச்34 இயந்திரம் உள்ள வாட்சில் இப்போது ஒரு பக்கம் திருகினால் தேதி, மறுபக்கம் திருகினால் ஜிஎம்டி முள். இந்த வரிசையை மாற்றினால், நேரம் வைக்கும்போது ஜிஎம்டி முள்ளும் கூடவே ஓடிவிடும்.

நான் சறுக்கியது இதற்கப்புறம். ஜிஎம்டி முள் முழு மணிகளாக மட்டுமே தாவும். நாமோ உலகப் பொது நேரமான யுடிசிக்கு (குளிர்காலத்தில் லண்டன் நேரமும் அதுதான்) 5:30 மணி முன்னால். முள்ளை 5 மணி பின்னுக்குத் தள்ளிவிட்டு, மதியம் 3 மணிக்கு அது 10இல் நின்றதை அப்படியே நம்பினேன். லண்டனில் அப்போது 9:30.

வழி வெளி வளையத்தில் இருக்கிறது. முள் 5 மணி பின்னாலேயே இருக்கட்டும். 24 மணி எழுதிய வளையத்தை வலஞ்சுழியாக அரை மணி திருப்புங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 48 கிளிக் உள்ள வளையம் என்றால் ஒரே கிளிக். 24 கிளிக் வளையத்தில் இது நடக்காது, கடையிலேயே எண்ணிப் பாருங்கள். சரியாக வைத்திருந்தால் மதியம் 3:30க்கு முள் வளையத்தின் 10ஐத் தொடும். லண்டனுக்கு அந்த முள்ளை மட்டும் பாருங்கள், நிமிட முள்ளை மறந்துவிடுங்கள். இரண்டு எண்களுக்கு நடுவே நின்றால் அரை மணி.

(1906க்கு முன் இந்திய ரயில்கள் ஓடிய மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். அதற்கு எந்த வளையமும் உதவாது!)

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் கடிகாரம் ஒரு மணி முன்னே போகும். அப்போது முள்ளை ஒரு தாவல் முன்னே நகர்த்துங்கள், வளையத்தைத் தொட வேண்டாம்.

இவ்வளவு வம்பு வேண்டாம் என்றால் கேசியோ ஏஇ-1200 என்ற டிஜிட்டல் வாட்சை வாங்குங்கள். அரை மணிக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும், கோடைக்கால மாற்றம் மட்டும் நம் கையில். என்னைக் கேட்டால் இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு அதுதான் புத்திசாலித்தனம். எனக்கு முள் ஆசை விடவில்லை.

பிற்சேர்க்கை: "ஒரு படி இழுத்தால் ஜிஎம்டி முள் அசையவில்லை, மணி முள்தான் தாவுகிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். உங்களுடையது ரோலக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் 2 வகை. அதில் வரிசை தலைகீழ்: கடைசி நிலையில் ஜிஎம்டி முள்ளையும் நிமிடத்தையும் வைத்துவிட்டு, பிறகு ஒரு படி உள்ளே தள்ளி மணி முள்ளைத் தாவவிடுங்கள். வளைய வேலை அதேதான்.