காட் மீனுக்கு முத்தம்: ஸ்க்ரீச்-இன் சடங்கில் எங்கே சொதப்புகிறார்கள்?

கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவில், வெளியூர்க்காரரை உள்ளூர்க்காரராக்க ஒரு வேடிக்கைச் சடங்கு உண்டு. பெயர் ஸ்க்ரீச்-இன். ஸ்க்ரீச் என்ற ரம்மை ஒரே மடக்கில் குடிக்க வேண்டும். காட் மீனின் வாயில் முத்தம் கொடுக்க வேண்டும். நடத்துபவர் கேட்கும் கேள்விக்கு அந்த ஊர்ப் பேச்சிலேயே பதில் சொல்ல வேண்டும். வரிசை இடத்துக்கு இடம் மாறும். முடிந்ததும் கையில் சான்றிதழ்.

கடையில் பாட்டில் வாங்கி விடுதி அறையில் நண்பர்களே ஒருவருக்கொருவர் நடத்திக்கொள்வது முதல் தவறு. நடத்துபவர் அந்தத் தீவுக்காரராக இருக்க வேண்டும்; விருந்தாளி தனக்குத் தானே வரவேற்பு கொடுத்துக்கொள்ள முடியாதல்லவா? செயின்ட் ஜான்ஸ் நகரின் ஜார்ஜ் தெரு பார்களில்தான் இது அதிகம் நடக்கிறது. கிறிஸ்டியன்ஸ் பப் இதற்கென்றே பேர்போனது. நினைத்த நேரத்தில் போய் நின்றால் நடக்காது. அன்று எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டு, பெயர் கொடுத்து வையுங்கள். அங்கே மது அருந்தச் சட்டப்படி வயது 19. அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது சாப்பாட்டில். பல இடங்களில் ரம்மோடு ஒரு துண்டு பலோனி கொடுப்பார்கள். அது பன்றி, மாடு, கோழி எல்லாம் கலந்து அரைத்த இறைச்சியாக இருக்கலாம். சில இடங்களில் கேப்லின் என்ற சிறு மீனின் கருவாடும் வரும். சைவமோ, பன்றியோ மாடோ ஆகாதோ, மது வேண்டாமோ, எதுவானாலும் ஆரம்பிப்பதற்கு முன்பே நடத்துபவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். ரம்முக்குப் பதில் வேறு பானம் கிடைக்குமா என்றும் அப்போதே கேட்கலாம். கூட்டத்தின் நடுவில், கிளாஸ் கைக்கு வந்த பிறகு தயங்கினால் எல்லாருக்கும் சங்கடம். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் முத்தத்தையே தவிர்ப்பது நல்லது. உதட்டில் பட்டாலே சிலருக்கு வீங்கிவிடும்.

ஸ்க்ரீச் 40 சதவீத ஆல்கஹால் உள்ள ஜமைக்கா ரம். குளிர் தேசத்தில் ஜமைக்கா ரம் எதற்கு என்றால், பழைய வியாபாரம்தான்: இங்கிருந்து உப்புக்கண்டம் போட்ட காட் கரீபியன் தீவுகளுக்குப் போனது, அங்கிருந்து ரம் வந்தது. வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது. முகர்ந்து பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

மீன் பெரும்பாலும் உறைபெட்டியிலிருந்து வரும். ஈர உதட்டை அழுத்தி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். உதட்டைத் துடைத்துக்கொண்டு, பட்டும் படாமலும் ஒரு முத்தம், அவ்வளவுதான். படம் எடுப்பவர் தயாரா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். போஸ் கொடுத்தபடி நிற்கத் தேவையில்லை. மீனை வாங்கிக் கையில் பிடிக்கவும் வேண்டாம், அது நடத்துபவரின் வேலை.

பதில் வாசகத்தில்தான் பலருக்கு நாக்குத் தடுமாறும். "ஆர் யே எ ஸ்க்ரீச்சர்?" என்று கேட்டதும், "டீட் ஐ இஸ், மீ ஓல் காக்! அண்ட் லாங் மே யர் பிக் ஜிப் ட்ரா!" என்று சொல்ல வேண்டும். ஆமாம் நண்பா, உன் படகின் பாயில் என்றும் காற்று நிறைந்திருக்கட்டும் என்பதுதான் சேதி. ஜிப் என்பது படகின் முன்பக்க முக்கோணப் பாய். இரண்டு துண்டாகப் பிரித்து, நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனால் வந்துவிடும். தடுமாறினால் சிரிப்பார்கள், குற்றமில்லை. அவர்கள் உச்சரிப்பை வேண்டுமென்றே கேலியாக இழுத்துச் சொன்னால் மட்டும் அவ்வளவு ரசிக்க மாட்டார்கள்.

அதைவிட மோசம், அவர்களை 'நியூஃபி' என்று அழைப்பது. தங்களுக்குள் சிலர் சொல்லிக்கொள்வார்கள். வெளியாள் வாயில் அது பலருக்கு வசையாகத்தான் கேட்கும். காட் மீன் தீர்ந்துபோன கதையை வைத்து நகைச்சுவை செய்வதும் வேண்டாம். 1992 ஜூலையில் காட் பிடிக்கத் தடை வந்தபோது சுமார் 30,000 பேர் வேலையிழந்தார்கள், ஊர் ஊராகக் காலியாயிற்று. அந்த மீனவர்கள் நமக்கு அந்நியரும் அல்லர்: 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நடுக்கடலில் விடப்பட்ட 155 ஈழத்தமிழரைக் காப்பாற்றியவர்கள் இதே தீவின் மீனவர்கள்தான்.

இந்தச் சடங்கே சுற்றுலாக்காரருக்கான கூத்து என்று முகம் சுளிக்கும் உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள். ஆகவே சான்றிதழைக் காட்டி "நானும் இந்த ஊர்தான்" என்று தெருவில் அடித்துப் பேசாதீர்கள். அவர்கள் கணக்கில் நீங்கள் இன்னமும் 'கம் ஃப்ரம் அவே', அதாவது வெளியிலிருந்து வந்தவர்தான்.

சான்றிதழில் பெயரைக் கையால் எழுதித் தருவது வழக்கம். பார் இரைச்சலில் நம் நீளப் பெயர்கள் அவர்கள் காதில் சரியாக விழாது. ஆங்கில எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ரம் குடிப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.