கொழுப்பு காட்டும் எடை மெஷின்: குதித்த எண்ணை அடக்கிய கதை

எடை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கொழுப்புச் சதவீதம் மட்டும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மெஷின் பழுது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார் வீட்டுக்காரர். பழுதெல்லாம் இல்லை.

இது கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. பாதம் வழியாக மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பில் அப்படிப் போகாது. அந்தத் தடையோடு நாம் பதிந்த உயரம், வயது, பாலினத்தையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். உடம்பில் தண்ணீர் குறைந்தாலே கொழுப்பு கூடியதாகக் காட்டும்.

சரி, நேரத்தைக் கட்டிப்போட்டேன். காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால். பாய்மேல் வைக்காமல் டைல்ஸ் தரையில். என் குதிகால் வறண்டு வெடித்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஏறினால் எண் நிலையாக நிற்கிறது. எண்ணெய்க் குளியல் நாளிலும், நடந்து வேர்த்த உடனேயும் ஏறுவதில்லை. மாதவிடாய்க்கு முன் நீர் கோத்துக்கொள்ளும், அந்த நாட்களின் எண்ணைக் கண்டுகொள்வதில்லை.

அப்புறம், தினசரி எண்ணைவிட வாரச் சராசரியைத்தான் நோட்டில் எழுதுகிறேன். பக்கத்திலேயே இடுப்புச் சுற்றளவு. தையல் டேப் போதும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் நம்பலாம்.

மாமனாருக்கு பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் மின்கருவி) இருப்பதால் அவரை இதில் ஏற்றுவதில்லை. அவருக்குப் பழைய முள் தராசு.