பீடோங்கில் உயிரியல் ஆராய்ச்சி முதுகலை: புதிதாக வருவோருக்கு

பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே செல்லும் ரயில் சுங்கைப்பட்டாணியில் நிற்கும். மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங்குக்கு அங்கிருந்து சாலை வழியாகத்தான் வர வேண்டும். வழியெங்கும் செம்பனை எனப்படும் எண்ணெய்ப்பனையும் இடையிடையே பால்மரம் எனப்படும் ரப்பர் மரமும், அவற்றுக்கு அப்பால் சுமார் 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையும் தெரியும். ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இந்த ஊருக்கு அருகிலுள்ள செமிலிங்கில் இருக்கிறது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பதிந்துகொண்டு, களப்பணிக்காக இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தங்குகிறவர்களும் உண்டு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, செம்பனைப் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து முதுகலை முடித்து, இங்கேயே தங்கிவிட்டவள் நான். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உயிரியல் படிக்க வரும் தம்பி தங்கைகள் ஆண்டுதோறும் ஒரே கேள்விகளைக் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மலேசியாவில் முதுகலைப் பட்டம் மூன்று வழிகளில் வழங்கப்படுகிறது: பாடங்களால் மட்டும் முடிவது, பாடமும் ஆய்வும் கலந்தது, முழுவதும் ஆராய்ச்சியால் அமைவது. மூன்றாவது வழியில் சேர்ந்தவருக்கு நம் ஊர்க் கல்லூரிகளில் இருப்பது போன்ற காலை முதல் மாலை வரையிலான வகுப்பு அட்டவணை கிடையாது. ஆய்வு முறையியல் போன்ற ஒன்றிரண்டு பாடங்கள் இருக்கலாம். மற்றபடி ஒரு கேள்வி, ஒரு மேற்பார்வையாளர், ஓர் ஆய்வேடு, அதை மதிப்பிடும் தேர்வாளர்கள் என்பவைதாம் படிப்பு. முதல் வாரத்தில் யாரும் தன்னை எதற்கும் அழைக்கவில்லையே என்று அறையில் காத்திருந்து ஒரு மாதத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே யாரும் அழைக்க மாட்டார்கள். சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளரின் அறைக்கதவைத் தட்டி, அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஆகவே, பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளர் யார் என்பதே முக்கியம். ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே அவருக்கு எழுதுங்கள். கடந்த ஐந்தாண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகளில் இரண்டையாவது முழுமையாகப் படித்துவிட்டு எழுதினால், உங்கள் கடிதம் மற்ற நூறு கடிதங்களோடு ஒதுக்கப்படாது. வேதிப்பொருள்களுக்கும் டிஎன்ஏ வரிசை அறிவதற்கும் ஆகும் செலவை யார் ஏற்பார்கள், ஆய்வு நிதி எந்த ஆண்டு வரை இருக்கிறது, இப்போது அவரிடம் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்றெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்கத் தயங்கிய ஒரு மாணவி, பாதி வேலையில் நிதி தீர்ந்துபோக, தன் கைப்பணத்தில் வேதிப்பொருள் வாங்கினாள். அந்தக் கவலை அவள் உடல்நலத்தையே பாதித்தது. படிப்பு, மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்பதையும் சேர்வதற்கு முன் பார்த்துவிடுங்கள். முகவர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

பயண ஆவணங்களைப் பொறுத்தவரை, விசா ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள். சுற்றுலா வருகையாக நுழைந்து பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வந்து சேர்ந்த ஏழு நாட்களுக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். அதன் பின்னரே மாணவர் அனுமதி கிடைக்கும். இங்கே பாஸ்போர்ட்டைக் கடப்பிதழ் என்றும், குடியேற்ற அலுவலகத்தைக் குடிநுழைவுத் துறை என்றும் தமிழ்ச் செய்திகளில் எழுதுவார்கள். அனுமதி புதுப்பிப்பைக் காலாவதியாவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். அந்த நேரத்தில் கடப்பிதழ் உங்கள் கையில் இல்லாமல் போகலாம் என்பதால், மாநாடு, ஊர்ப்பயணம் எதையும் அந்த வாரங்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். பகுதி நேர வேலை செய்து கட்டணம் கட்டலாம் என்ற கணக்கோடு வர வேண்டாம். விடுமுறைக் காலத்தில் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, குறிப்பிட்ட சில இடங்களில்தான் அதற்கு அனுமதி.

கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகங்கள் திறந்திருக்கும். பாலத்தைக் கடந்து பினாங்குக்குப் போனால் சனியும் ஞாயிறும் விடுமுறை. அனுமதிக் கடிதம் வாங்க வெள்ளிக்கிழமை காலையில் மாநிலத் தலைநகரான அலோர் ஸ்டார் வரை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது இங்கே வழக்கமான முதல் அனுபவம்.

வீடு பார்க்கும்போது பெரும்பாலும் இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனியாக ஒரு தொகையும் கேட்பார்கள். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் கொடுக்காதீர்கள். பேருந்து குறைவு, களப்பணிக்குப் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் வேண்டியிருக்கும். இந்நாட்டில் செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டினால் விபத்தின்போது காப்பீடு கைகொடுக்காது. பணத்தை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள். காலையில் ‘பசியாறியாச்சா?’ என்று கேட்டால் காலை உணவு ஆயிற்றா என்று பொருள். வேகமாகவும் ஊர் வட்டார வழக்கிலும் பேசினால் அவர்களுக்குச் சிரமமாக இருக்கும். அதற்காக ஆங்கிலத்துக்குத் தாவாமல், நிதானமாகப் பேசினாலே போதும். மலாய் மொழியில் நூறு சொற்களையாவது முதல் இரண்டு மாதங்களில் கற்றுக்கொள்ளுங்கள். வன அலுவலகத்திலும் மருத்துவமனைப் பதிவிடத்திலும் அது தேவைப்படும்.

இனி, என் மனத்துக்கு நெருக்கமான பகுதி. உயிரியல் படிக்க வருகிறவர்கள் ஆய்வகத்தைத் தேடி வருகிறார்கள்; ஆனால் அந்த ஆய்வகத்தைச் சூழ்ந்திருக்கும் தோட்டமே ஒரு பெரிய ஆய்வுக்களம் என்பதைப் பலர் கடைசி ஆண்டில்தான் உணர்கிறார்கள். மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது 1917-இல், சிலாங்கூரிலுள்ள ஒரு தோட்டத்தில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். அன்றிலிருந்து இந்தப் பயிரின் வரலாற்றில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பும், அவர்கள் கண்டறிந்து யாரும் எழுதி வைக்காத அறிவும் சேர்ந்தே இருக்கின்றன.

என் ஆய்வுப்பொருளான மகரந்தச் சேர்க்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனையில் ஆண்பூங்குலையும் பெண்பூங்குலையும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலங்களில் மலர்கின்றன. ஆகையால் ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆப்பிரிக்காவில் இந்த வேலையை ஒரு சிறு வண்டு செய்கிறது; ஆனால் மரம் இங்கே வந்தபோது வண்டு கூட வரவில்லை. எனவே 1970-களில் பல தோட்டங்களில் மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து, பூங்குலை பூங்குலையாக மனிதர்களே தூவி வந்தார்கள். பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனில் அந்த வண்டை ஆராய்ந்து, வேறு பயிர்களைத் தாக்காது என்று சோதித்த பிறகு, 1981-இல் ஜொகூரின் குளுவாங் பகுதியில் அது முதன்முதலாக விடப்பட்டது. சில ஆண்டுகளில் கையால் தூவும் வேலையே தேவையற்றதாயிற்று.

இதை நான் கட்டுரைகளில் படித்திருந்தேன். பிறகு ஒரு நாள், நான் மாதிரி எடுத்துக்கொண்டிருந்த தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழும் பாட்டி ஒருவர், தாம் இளம்பெண்ணாக இருந்தபோது பவுடர் அடிக்கும் வேலைக்குப் போனதாகச் சொன்னார். எந்தப் பூ பவுடருக்குத் தயாராக இருக்கிறது என்பதை வாசனையை வைத்தே தெரிந்துகொள்வோம் என்றார். பூங்குலை மலரும்போது வரும் சோம்பு போன்ற அந்த மணத்தைத் தேடித்தான் வண்டும் வருகிறது. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் ஒரு பக்கம் முழுவதையும் அந்தப் பேச்சுக்குப் பிறகு மாற்றி எழுதினேன். ஆகவே, தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமும், குலை வெட்டுகிறவரிடமும், மருந்து அடிக்கிற அக்காவிடமும் தமிழில் பேசக் கிடைத்திருக்கும் வாய்ப்பை வீணாக்காதீர்கள். மற்ற நாட்டு மாணவர்கள் மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்க வேண்டியதை நீங்கள் நேரடியாகக் கேட்கலாம். அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதுங்கள். ஆய்வேட்டில் அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். முறையான நேர்காணலாகப் பதிந்து பயன்படுத்துவதானால், பல்கலைக்கழகத்தின் மனித ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும்.

பேசாததால் நான் இழந்ததையும் சொல்கிறேன். முதல் மாதம் 40 பூச்சிப் பொறிகளை ஒரே காலையில் மரங்களின் அடியில் வைத்துவிட்டு, ஐந்து நாள் கழித்துப் போனேன். பாதிக்கு மேல் மட்டைக் குவியலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. குலை வெட்டு ஏறத்தாழ 10 முதல் 14 நாட்களுக்கு ஒருமுறை அதே நிரைக்குத் திரும்பி வரும் என்பதும், வெட்டிய மட்டைகளை நிரைகளுக்கு இடையில் அடுக்குவார்கள் என்பதும் மண்டோருக்குத் தெரியும், நான்தான் கேட்கவில்லை. களைக்கொல்லி, பூச்சிமருந்து அடிக்கும் நாட்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் எண்ணிய பூச்சி எண்ணிக்கைக்கு விளக்கமே இருக்காது.

அதைவிடப் பெரிய தவறு ஆய்வு வடிவமைப்பில் நேர்ந்தது. இளம் செம்பனைப் பகுதி ஒன்று, முதிய பகுதி ஒன்று என எடுத்து, ஒவ்வொன்றிலும் 30 பூங்குலைகளில் வண்டுகளை எண்ணினேன். என்னிடம் 60 தரவுகள் இருப்பதாக நினைத்தேன். உண்மையில் ஒப்பிடப்பட்டவை இரண்டே பகுதிகள். அவற்றுக்கு இடையிலான வேறுபாடு மரத்தின் வயதால் வந்ததா, மண்ணால் வந்ததா, அருகிலுள்ள ஓடையால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதன் பிறகு வெவ்வேறு தோட்டங்களில் நான்கு இளம் பகுதிகளும் நான்கு முதிய பகுதிகளும் தேடிப் பிடித்து மீண்டும் தொடங்கியதில் ஏழு மாதங்கள் போயின. உங்கள் அலகு பூவா, மரமா, நிரையா, தோட்டமா என்று முதல் பொறியை வைப்பதற்கு முன் புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். உயிரியல் ஆராய்ச்சி முதுகலையில் நான் கற்றவற்றுள் இதுவே மிக முக்கியமானது.

கேள்விகளுக்கு இங்கே பஞ்சமில்லை. செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மா பூஞ்சை, பை போன்ற கூட்டைச் சுமந்துகொண்டு மட்டைகளைத் தின்னும் பைப்புழு, எலிகளைக் கட்டுப்படுத்தத் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கப்படும் கூகை, மெர்போக் ஆற்று முகத்துவாரத்தின் சதுப்புநிலக் காடு, ஜெராய் மலையில் உயரம் ஏற ஏற மாறும் தாவரங்கள் என ஒவ்வொன்றிலும் இரண்டு ஆண்டுகளில் விடை காணத்தக்க சிறு கேள்விகள் இருக்கின்றன. சிறு கேள்வியையே எடுங்கள். முனைவர் பட்டத்துக்கான கேள்வியை முதுகலைக்குள் திணிப்பவர்களே காலம் கடந்தும் முடிக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

அனுமதிகளை அலட்சியப்படுத்தக் கூடாது. தனியார் தோட்டத்துக்கு நிர்வாகியின் எழுத்து மூல அனுமதி, காப்புக்காட்டுக்கு மாநில வனத்துறையின் அனுமதி, பாதுகாக்கப்பட்ட விலங்குகளைப் பிடிக்க வனவிலங்குத் துறையின் உரிமம், எலி போன்ற முதுகெலும்புள்ளவற்றைக் கையாளப் பல்கலைக்கழக விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் என்று தனித்தனியாக வேண்டும். இவை தவிர, உயிரியல் வளங்களை அணுகுவது பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு குப்பி மாதிரியைக்கூட அனுமதியின்றி எடுத்துச் செல்லாதீர்கள்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலிக்காய்ச்சல் தோட்டப்பகுதிகளில் உண்மையான ஆபத்து. காலில் புண்ணோடு தேங்கிய நீரில் இறங்காதீர்கள், முழங்கால் வரையிலான காலணி அணியுங்கள். களப்பணிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால், தோட்டத்தில் வேலை செய்கிறேன் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். செம்பனை மட்டைக் குவியலில் நாகம் தங்கும். அதற்குள் கை விடக் கூடாது. தனியாக உள்நிரைகளுக்குப் போகாதீர்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

எழுத்து வேலையை இறுதிக்கு ஒதுக்காதீர்கள். மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் போக முடியாத நாட்கள் நிறைய வரும். முறையியல் இயலை அப்போதே எழுதிவிடலாம். மேற்பார்வையாளர் திருத்தம் தராமல் இருந்தால், மனத்துக்குள் குமுறாமல், பேசியதையும் கேட்டதையும் தேதியிட்டு மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். நினைவூட்டல் மரியாதையான ஒரு வரியாக இருந்தால் போதும். அப்போதும் நிலைமை மாறாவிட்டால், பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் பேசலாம். அது துரோகம் ஆகாது.

சேகரித்த பூச்சி ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி, மர எண், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிக் குப்பிக்குள் போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். ஆய்வேடு முடிந்ததும் அந்த மாதிரிகளைப் பல்கலைக்கழகச் சேகரிப்பில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் முடிவுகளை எளிய தமிழில் ஒரு பக்கமாக எழுதி, நிர்வாகிக்கு ஒன்றும் மண்டோருக்கு ஒன்றுமாகக் கொடுங்கள். நான் கொடுத்த தாளை அந்தப் பாட்டி தன் பேத்தியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்; வண்டு பற்றிய இடம் வந்ததும் அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.