சிலோயே தீவில் பஸ்ஸில் சுற்ற

சிலி நாட்டின் சிலோயே தீவுக்குப் போக விமானம் வேண்டாம். புவேர்ட்டோ மோன்ட் நகரில், தீவின் முக்கிய ஊரான காஸ்ட்ரோ போகும் பஸ்ஸில் ஏறினால், பர்குவா துறையில் பஸ்ஸே படகில் ஏறிவிடும். கடக்க அரை மணி நேரம். படகுக் கட்டணம் பஸ் டிக்கெட்டிலேயே அடக்கம், தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. இறங்கி மேல்தளத்தில் நின்று பார்க்கலாம். கரை நெருங்குமுன் பஸ்ஸுக்குள் திரும்பிவிடுங்கள். பெரிய பையை அடியில் போட்டால் ஒட்டுச்சீட்டு தருவார்கள். அது இல்லாமல் பை கைக்கு வராது.

ஊருக்கு ஊர் அறை மாற்றாமல் காஸ்ட்ரோவிலேயே தங்கிவிடுவது சிக்கனம். இங்கே குழப்பம் என்னவென்றால், பஸ் நிலையங்கள் இரண்டு. தொலைதூர பஸ் வந்து நிற்பது ஒன்று. டல்காவே, குகாவோ போகும் சிற்றுந்துகளுக்கு நகராட்சி நிலையம். சிற்றுந்துக்குச் சில்லறை பெசோ வைத்திருங்கள், கார்டை நம்பாதீர்கள். ஞாயிறன்று வண்டி குறைவு. இறங்கியதுமே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்.

டல்காவேயிலிருந்து சிறு படகுப் பயணத்தில் பக்கத்துத் தீவுக்குப் போய், அங்கிருந்து சாலை வழியே போனால் அச்சாவோ ஊர். 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 16 மரத் தேவாலயங்களில் ஒன்று அங்கே. மதியச் சாப்பாட்டுக்கு டல்காவே கடற்கரைச் சமையல் கடைகள் போதும்.

அறை வாடகையில் ஒரு மிச்சம்: பதிவு பெற்ற ஹோட்டலில் பாஸ்போர்ட்டும் குடிவரவுச் சீட்டும் காட்டி டாலரில் கட்டினால் 19% வரி கிடையாது. சின்ன வீட்டு விடுதிகளில் இது நடக்காது. கோடையிலும் மழை வரும். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், மழைக்கோட்டே மேல்.